சொன்னாரா, சொன்னானா? பிரதி தயாரிக்கும்போது முடிவாக வேண்டியவை

அக்டோபர் வந்துவிட்டால் பிரதிகள் குவியத் தொடங்கும். பொங்கலையொட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்குள் புத்தகம் வந்துவிட வேண்டும் என்று எழுதுகிற எல்லோருக்கும் ஆசை இருக்கும். 1977இல் தொடங்கிய அந்தக் காட்சியை வைத்துத்தான் பல தமிழ்ப் பதிப்பகங்களின் ஆண்டுக் கணக்கே ஓடுகிறது. நான் சிறு பதிப்பகங்களுக்குப் பிரதி செம்மையாக்கித் தருகிறேன், அச்சுக்கு முன் பிழை திருத்தும் மெய்ப்பும் பார்க்கிறேன். கையில் வருபவை பெரும்பாலும் நல்ல பிரதிகள். விஷயம் இருக்கும், சொல்லத் தெரிந்தவர்கள் எழுதியிருப்பார்கள். ஆனாலும் என் நேரத்தில் பாதிக்கு மேல், எழுதியவர் எடுத்திருக்க வேண்டிய சின்னச் சின்ன முடிவுகளை அவருக்காகத் தேடுவதிலேயே போய்விடுகிறது.

முதல் அத்தியாயத்தில் ‘கோயில்’ என்றிருக்கும், மூன்றாவதில் ‘கோவில்’ ஆகிவிடும். ஓரிடத்தில் ‘வாழ்த்துகள்’, இன்னோரிடத்தில் ‘வாழ்த்துக்கள்’. ‘லட்சம்’, ‘இலட்சம்’, ‘பவளம்’, ‘பவழம்’, ‘1965இல்’, ‘1965-ல்’, ‘1965 ல்’. இவற்றில் பலவும் இரண்டு வடிவிலும் சரிதான். கோயிலும் சரி, கோவிலும் சரி. ஆனால் ஒரே புத்தகத்துக்குள் இரண்டும் கலந்து வரும்போது படிப்பவர் மனம் ஒரு கணம் தடுக்குகிறது. ஒரு நூலில் அப்படி நூறு இடங்களில் தடுக்கினால் அவர் எழுத்தாளரை நம்புவது குறையும். தேதி, பெயர், எண் எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பிப்பார். முதல் புத்தகம் கொண்டுவரப்போகிறவர்களுக்காக, இதில் நான் பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

எழுதத் தொடங்கும்போதே பக்கத்தில் இன்னொரு கோப்பைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அதைச் சொற்பட்டியல் என்போம். ஒரு சொல்லை எப்படி எழுதுவது என்று எங்கே யோசித்தாலும், முடிவு செய்ததும் அந்தக் கோப்பில் அகரவரிசையில் போட்டுவிட வேண்டும். ‘கோயில் – எல்லா இடத்திலும், ஊர்ப் பெயரில் மட்டும் கோவில்பட்டி, நாகர்கோவில்’ என்று விதிவிலக்கையும் சேர்த்து எழுதினால் எனக்கு அரை நாள் மிச்சம். இரண்டு வடிவங்களில் எதை எடுப்பது என்று தெரியாதபோது ஓர் அகராதியை நடுவராக வைத்துக்கொள்ளலாம். நான் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை வைத்திருக்கிறேன். 1992இல் வந்த அந்த அகராதி இன்றைய எழுத்து வழக்கிலிருந்து தொகுக்கப்பட்டது என்பதால் நடைமுறைக்கு உதவுகிறது. வேறு அகராதி பிடித்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள். பிரதி முடியும்வரை நடுவரை மட்டும் மாற்றாதீர்கள்.

ஒற்று மிகுவது, மிகாதது பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். அவ்வளவு பயம் தேவையில்லை. ‘ஐ’ உருபு வெளிப்படையாக வரும் இடம் (கதையைச் சொன்னார்), ‘கு’ உருபு (ஊருக்குப் போனார்), அந்த இந்த எந்த (அந்தக் காலம்), ‘ஆக’ (வேகமாகச் சென்றார்), ‘வர’, ‘செய்ய’ போன்ற எச்சம் (வரச் சொன்னார்) – இந்த நாலைந்து இடத்தைப் பழகிக்கொண்டாலே பெரும்பகுதி முடிந்துவிடும். வேண்டாத இடத்தில் போடும் ஒற்றுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. ‘தந்த பலகை’ என்றால் ஒருவர் கொடுத்த பலகை. ‘தந்தப் பலகை’ என்றால் யானைத் தந்தத்தால் செய்தது. 391ஆம் குறள் ‘கற்க கசடற’ என்றுதான் தொடங்குகிறது. ‘கற்க’ அங்கே வியங்கோள், அதாவது ‘கற்றுக்கொள்ளட்டும்’ என்று விதிக்கும் வினை, அதன் பின் ஒற்று மிகாது. ஆனால் ‘கற்கக் கசடற’ என்று ஆர்வத்தோடு திருத்திய பிரதிகள் அடிக்கடி வரும். மேற்கோள் எடுக்கும்போது நினைவிலிருந்து எழுதாமல் நல்ல பதிப்பைத் திறந்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பழைய புத்தகத்திலிருந்து எடுத்தால் அதன் சொற்களை அப்படியே வைத்துக்கொண்டு, எழுத்து வடிவத்தை மட்டும் தமிழ்நாடு அரசின் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிந்தைய வடிவத்தில் கொடுப்பது வழக்கம். எழுத்து மாறலாம், சொல் மாறக் கூடாது.

ஒற்றைவிட எனக்குப் பெரிதாகப் படுவது சொல்லைப் பிரிப்பதும் சேர்ப்பதும். ‘குழந்தையைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டார்’ என்றால் பள்ளியில் இறக்கிவிட்டார். ‘குழந்தையைக் கொண்டுபோய்விட்டார்’ என்றால் யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்! ‘அம்மா வீட்டில் இருந்து பார்த்துக்கொண்டாள்’ என்பதற்கும் ‘அம்மா வீட்டிலிருந்து வந்தாள்’ என்பதற்கும் நடுவே உள்ள இடைவெளி, ‘இரு’ என்னும் வினை அங்கே உயிரோடு இருக்கிறதா, உருபாகிவிட்டதா என்பதைக் காட்டுகிறது. துணைவினையாக வரும் விடு, கொள், இரு, போடு ஆகியவற்றை முன் சொல்லோடு சேர்த்து எழுதுவது, அவையே தம் பொருளில் வந்தால் பிரித்து எழுதுவது – இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பிரதியின் முகமே மாறிவிடும். ‘தான்’, ‘கூட’, ‘போல’ இவற்றுக்கும் ஆளுக்கொரு வழக்கம் இருக்கிறது. ஒன்றை எடுத்துச் சொற்பட்டியலில் போட்டுவிடுங்கள்.

இனி, எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றும் விஷயம். மரியாதை விகுதி.

ஒருவர் தன் மருத்துவமனை நாட்களைப் பற்றி எழுதியிருந்தார். மருத்துவர் வரும் இடத்தில் எல்லாம் ‘சொன்னார்’. செவிலியரும் ‘சொன்னார்’. வார்டைக் கூட்டிப் பெருக்க வரும் அம்மா மட்டும் ‘சொன்னாள்’. ஸ்ட்ரெச்சர் தள்ளும் பெரியவர் ‘சொன்னான்’. எழுதியவர் கனிவான மனிதர். இரவெல்லாம் தூக்கமில்லாமல் கிடந்தவருக்கு அந்த அம்மா சுடுதண்ணீர் கொண்டுவந்து கொடுத்த பகுதிதான் பிரதியிலேயே என் மனதில் நின்றது. அப்படிப்பட்டவரின் கையிலிருந்தே பழக்கத்தில் அந்த ‘ஆள்’ விகுதி வந்து விழுந்திருக்கிறது. நான் ஓரத்தில் குறிப்பு எழுதினேன்: “இவர் வயதில் உங்களைவிட மூத்தவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ‘சொன்னார்’ என்று வைத்துக்கொள்ளலாமா?” அன்று மாலையே போன் செய்தார். “ஆமாங்க, மாத்திடுங்க. இத்தனை தடவ படிச்சும் எனக்கு இது கண்ணுலயே படல” என்றார்.

பிரதி தயாரிக்கும் முறையைத் தொழில்நுட்பச் சமாச்சாரம் என்று ஒதுக்குபவர்களிடம் இதைத்தான் நான் சொல்வது. தமிழில் வினைமுற்று ஒவ்வொன்றும் அந்த ஆளை எங்கே உட்காரவைக்கிறீர்கள் என்று சொல்லிவிடுகிறது. எழுதுகிறவர் முடிவெடுக்காவிட்டால் ஊர்ப் பழக்கம் அவருக்காக முடிவெடுத்துவிடும். புனைவு அல்லாத பிரதிகளில் நான் பரிந்துரைப்பது எளிமையானது: வளர்ந்தவர்கள் எல்லோருக்கும், எந்தத் தொழில் செய்தாலும், ‘ஆர்’. சிறுவர் சிறுமியருக்கு ‘ஆன்’, ‘ஆள்’. தன் அம்மாவை ‘சொன்னாள்’ என்று எழுதுவதா ‘சொன்னார்’ என்று எழுதுவதா என்பது எழுதியவரின் உரிமை. அந்த நெருக்கத்தில் நான் கைவைப்பதில்லை. கதையிலும் நாவலிலும் பாத்திரங்களுக்கு ‘ஆன்’, ‘ஆள்’ வருவது இயல்பு. ஆனால் அங்கேயும் பண்ணையார் மட்டும் ‘வந்தார்’ என்று வந்தால், அது கதைசொல்லியின் பார்வையாக வேண்டுமென்றே வைத்ததா என்று ஒருமுறை கேட்டுவிடுவேன்.

வரலாறு எழுதுபவர்களுக்கு இதிலேயே இன்னொரு சிக்கல். 1010இல் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டி முடித்த முதலாம் ராஜராஜன், ஓர் அத்தியாயத்தில் ‘கட்டினான்’, அடுத்ததில் ‘கட்டினார்’ என்றால் இரண்டு பேரைப் பற்றிப் படிப்பதுபோல் இருக்கும். மன்னர்களுக்கும் பழைய கவிகளுக்கும் ‘ஆன்’ போடும் மரபு உண்டு. ‘கம்பன் பாடினான்’ என்பதில் அன்புதான் இருக்கிறது. ஆனால் 1887இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் ‘பதிப்பித்தான்’ என்று யாரும் எழுத மாட்டோம். எந்தக் காலத்துக்கு முந்தியவர்களுக்கு எந்த விகுதி என்று எழுத உட்காரும் முன்பே கோடு போட்டுக்கொள்ளுங்கள். பின்னால் மாற்றுவது பெரும்பாடு. ‘அவன்’ ‘அவர்’ ஆக வேண்டும், ‘அவனை’, ‘அவனுக்கு’, ‘அவனது’ எல்லாம் மாற வேண்டும், வினைமுற்றுகள் ஒவ்வொன்றாக மாற வேண்டும். தேடி மாற்றும் வசதியால் இதைச் செய்ய முடியாது. வரிவரியாகத்தான் போக வேண்டும்.

வட்டார வழக்கு இன்னொரு தனி உலகம். தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் உப்பளத்தைப் பற்றி எழுதிய நாவல் வந்தது. தட்டச்சு செய்தவரோ, இடையில் பார்த்தவரோ, பாதி இடங்களில் ‘சொல்லுதான்’ என்பதை ‘சொல்லுறான்’ என்று மாற்றியிருந்தார்கள். அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். “தம்பி, எங்கூர்ல ‘சொல்லுதான்’தான். ‘சொல்லுறான்’னா அது வேற ஊராயிரும்லா. அத மாத்திராதீங்க” என்றார். அப்புறம் இருவரும் போனிலேயே ஒரு பட்டியல் போட்டோம். ‘பார்க்கிறான்’ அங்கே ‘பாக்கான்’, ‘கேட்கிறான்’ ‘கேக்கான்’, ‘வருகிறான்’ ‘வாரான்’. மரியாதைக்கு ‘வந்தாவ’ என்று ஒரு பாத்திரமும் ‘வந்தாக’ என்று இன்னொரு பாத்திரமும் சொல்வதை நான் ஒருமைப்படுத்த வேண்டுமோ என்று கேட்டேன். அவர் உடனே மறுத்தார். முதல் ஆள் கடலோரத்துக்காரர், அடுத்தவர் கரிசக்காட்டிலிருந்து பிழைப்புக்கு வந்தவர். வாயைத் திறந்ததுமே அளத்தில் இருப்பவர்களுக்கு அது தெரிந்துவிடும் என்றார். கதையில் பின்னால் வரும் ஒரு சண்டைக்கு அதுதான் வேர். பட்டியலில் பாத்திரத்தின் பெயருக்கு எதிரே அந்த வித்தியாசத்தையும் எழுதிக்கொண்டோம்.

அதனால் வட்டார வழக்கில் எழுதுபவர்கள் பிரதியோடு இப்படி ஒரு பட்டியலைக் கட்டாயம் அனுப்ப வேண்டும். மெய்ப்புப் பார்ப்பவர் கொங்குநாட்டுக்காரராக இருக்கலாம், யாழ்ப்பாணத்தவராக இருக்கலாம்; அவர் காதில் உங்கள் ஊர் ஒலி இருக்காது. இது பிழை, இது வழக்கு என்று சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். உரையாடலில் வழக்கு, கதைசொல்லியின் குரலில் எழுத்துத்தமிழ் என்று பிரித்திருந்தால் அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். இரண்டும் கலந்தே வரும் நடை என்றால் இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நல்லெண்ணத்தோடு யாராவது திருத்திவைப்பார்கள்.

நினைவுக் குறிப்புகள் எழுதும் பெரியவர்களிடம் நான் முக்கியமாகக் கேட்பது காலத்தைப் பற்றி. 1955இல் நடந்ததைச் சொல்லும்போது ‘தமிழ்நாடு அரசு’ என்று எழுதியிருப்பார்கள். அப்போது அது சென்னை மாநிலம். 1969இல்தான் தமிழ்நாடு என்ற பெயர் வந்தது. 1957 ஏப்ரலில் பத்தின் அடிப்படையிலான நாணயம் வந்தது. அதற்கு முந்தைய கதையில் ‘ஐம்பது பைசா’ வந்தால் அது எட்டணாவாக இருக்க வேண்டும். மாயவரம் என்று வாழ்ந்த ஊரை அந்தக் காலப் பகுதியில் மாயவரம் என்றே எழுதி, முதல் முறை வரும்போது மட்டும் ‘இன்றைய மயிலாடுதுறை’ என்று சேர்த்தால் போதும். மைலைக் கிலோமீட்டராக்க வேண்டாம், படியை லிட்டராக்க வேண்டாம். அந்த அளவுகளில்தான் அந்த வாழ்க்கை நடந்தது.

ஆட்களின் பெயரை அவரவர் எழுதும் முறையிலேயே எழுதுங்கள். கிரந்த எழுத்தைத் தவிர்ப்பது உங்கள் கொள்கையாக இருக்கலாம். அதை நான் மதிக்கிறேன். ஆனால் ‘ஜ’ போட்டுக் கையெழுத்திடும் ஒருவரைச் ‘ச’ ஆக்கும் முன் யோசிக்க வேண்டும். ‘ராமசாமி’யா ‘இராமசாமி’யா என்பதை முடிவு செய்யாவிட்டால் பின்னால் பெயரடைவு (நூலின் கடைசியில் வரும் பெயர்-பக்க எண் பட்டியல்) போடும்போது ஒரே மனிதர் ‘இ’யில் ஒருமுறையும் ‘ர’வில் ஒருமுறையும் வந்து நிற்பார். தலைப்பெழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விடுவதா, கூடாதா என்பதும் அப்படித்தான். இடைவெளி விட்டால் வரியின் கடைசியில் ‘உ.’ தனியாகவும் அடுத்த வரியில் ‘வே.சா.’ தனியாகவும் பிரிந்து கிடக்கும். அதனால் நான் சேர்த்தே எழுதச் சொல்வேன்.

கணினி விஷயத்தில் சிலவற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் கெடுப்பவை அவை. பிரதியை ஒருங்குறியில் (யூனிகோட்) தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடத்தில் தமிழ் எழுத்தை உட்காரவைத்தவை. அவற்றை மாற்றும்போது நடுவே இருந்த ஆங்கிலச் சொல், வளைந்த மேற்கோள் குறி எல்லாம் அர்த்தமில்லாத எழுத்துக் குவியலாகிவிடும். 2010இலேயே தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றுக்கொண்டுவிட்டது; பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளிலும் ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ என்ற அமைப்பைத் தேர்ந்துவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறாமல் நிற்கின்றன. பழைய எழுத்துருவில், பேஜ்மேக்கர் என்ற பழைய வடிவமைப்பு மென்பொருளை வைத்து வேலை செய்யும் அச்சகங்கள் இன்னும் உண்டு. உங்கள் புத்தகம் அங்கே போகிறது என்றால் மாற்றத்துக்குப் பிறகு முழு மெய்ப்பும் மறுபடி பார்க்கப்பட வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருங்குறியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ‘கௌரவம்’ என்பதன் முதல் எழுத்து ஒரே எழுத்து. ஆனால் பலர் ‘கெ’ அடித்துப் பக்கத்தில் ‘ள’ அடித்து ‘கெளரவம்’ என்று எழுதிவிடுகிறார்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். தேடினால் கிடைக்காது, அகரவரிசையில் வேறிடத்தில் போய் விழும், பார்வையற்றோர் பயன்படுத்தும் வாசிப்பு மென்பொருள் ‘கெ-ள’ என்றே படிக்கும். ‘ஔவையார்’ ‘ஒளவையார்’ ஆவதும், ‘வௌவால்’ ‘வெளவால்’ ஆவதும் இதே கதை. இதைச் சரிசெய்ய ஒரேயடியாக ‘அனைத்தையும் மாற்று’ என்று மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ‘கெளுத்தி’ மீன் உடைந்துபோகும், ‘ஒளி’ அணைந்துபோகும், ‘வெளி’யும் ‘வெள்ள’மும் சிதறிப்போகும். ஒவ்வொன்றாகத் தேடி, பார்த்து மாற்ற வேண்டும். ‘ஸ்ரீ’ எழுத்தையும் ஒரு பார்வை பாருங்கள். விசைப்பலகையைப் பொறுத்து அது இரண்டு விதமாகப் பதிவாகும், பார்க்க ஒன்றாகவே இருக்கும்.

பக்க அழகு செய்யும் வேலையை எழுதுபவர் எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த பக்கத்துக்குப் போக வரிசையாக என்டர் தட்டுவது, பத்தித் தொடக்கத்துக்கு ஸ்பேஸ் தட்டுவது, கட்டம் போடுவது எல்லாம் வடிவமைப்பாளர் முதலில் உட்கார்ந்து அழிக்க வேண்டியவை. நிறுத்தற்குறி முன் சொல்லோடு ஒட்டி நிற்கட்டும். அதன் பின் ஒரே ஒரு இடைவெளி. படங்களை வேர்ட் கோப்புக்குள் ஒட்டாமல் தனித்தனியாக, அச்சாகும் அளவில் 300 டிபிஐ தரத்தில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்ப வேண்டும். படத்தில் இருப்பவர் யார், எந்த ஆண்டு என்பதை வேறு கோப்பில், படத்தின் எண்ணோடு எழுதுங்கள். கோப்பின் பெயரில் ‘இறுதி’ என்ற சொல்லே வேண்டாம், தேதியைப் போடுங்கள். ‘இறுதி’, ‘புதிய இறுதி’ என்று இரண்டு கோப்புகள் ஒரே நாளில் வந்தால் எது பிந்தியது என்று கேட்டுக் காத்திருப்பதிலேயே வேலை நின்றுவிடும்.

மெய்ப்பு வந்த பிறகு புதிதாக எழுதிச் சேர்க்கும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. அதன் விலை என்னவென்று தெரிந்துகொண்டு சேர்ப்பது நல்லது. டெமி அளவுப் புத்தகம் பதினாறு பக்கம் ஒரு பாரமாக அச்சாகிறது. 160 பக்கம் என்றால் சரியாகப் பத்துப் பாரம். நீங்கள் நடுவில் இரண்டு பத்தி சேர்த்து அது 161 ஆனால், அந்த ஒரு பக்கத்துக்காகப் பாரக் கணக்கு மாறும், காகிதம் கூடும், முதுகின் தடிமன் மாறுவதால் அட்டையையும் திருத்த வேண்டியிருக்கும். பொருளடக்கத்திலும் பெயரடைவிலும் உள்ள பக்க எண்கள் நகர்ந்துவிடும். அதனால்தான் பெயரடைவை எல்லாத் திருத்தமும் முடிந்த பக்கங்களை வைத்துக் கடைசியாகப் போடுகிறோம். சேர்த்தே ஆக வேண்டும் என்றால், அதே பக்கத்தில் அத்தனை வரிகளைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். பெரும்பாலும் முடியும்.

கடைசி மெய்ப்பில் எல்லோரும் உள்ளே இருக்கும் சிறிய எழுத்தைத்தான் உற்றுப் படிக்கிறார்கள். அட்டைத் தலைப்பு, முதுகில் வரும் பெயர், அத்தியாயத் தலைப்புகள், பக்கத்தின் மேலே ஓடும் வரி, படக் குறிப்புகள், முன்னுரை எழுதியவரின் பெயர் ஆகியவை பெரிய எழுத்தில் இருப்பதாலேயே கண் தாவிவிடுகிறது. இவற்றை மட்டும் தனியாக ஒரு நாள், புத்தகத்தை இதுவரை பார்க்காத ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். சொற்பட்டியலின் கடைசி வடிவத்தைப் பதிப்பகத்திடமும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்; இரண்டாம் பதிப்பு வரும்போது வேறொருவர் மெய்ப்புப் பார்ப்பார், அவருக்கு அது தேவைப்படும்.